விரைவுக் குற்றச்சாட்டு நிலையம்

ஐயம்பேட்டையில் கலையரசி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சம்பூர்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கருகிப்போன ஃபியூஸ் கட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து கலையரசியின் வாசலில் நின்றார்.

“இது மூணாவது. நீ வண்டிய சொருகினா எங்க வீட்ல ஃபிரிட்ஜு நின்னுடுது. மாவெல்லாம் புளிச்சுப் போவுது. இனிமே இங்க சார்ஜ் போடாதம்மா. வேற எங்கனா போட்டுக்கோ.”

கலையரசிக்குக் கோபம் வரவில்லை. சம்பூர்ணம் சொன்னது நியாயம்தான். ஆனால் அவளுடைய பேட்டரி ஆட்டோவுக்கும் வேறு போக்கிடம் இல்லை. யாரோ ஓட்டிக் களைத்து விற்ற பழைய வண்டி அது. முழுதாக சார்ஜ் ஏறினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடும். காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் வேலை பார்க்கும் ஆறு பெண்களைக் காலையில் காஞ்சிபுரத்தில் கொண்டு விட்டு, பகலெல்லாம் கோயில் கோயிலாக வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்கி, கடை முடிந்ததும் அந்த ஆறு பேரையும் திரும்பக் கூட்டிவர அது போதும். கலையரசியின் குடும்பம் அந்த ஐம்பது கிலோமீட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நல்ல வேளையாக, காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பசுமை ஊர்தி வாரியம் என்றொரு அரசு நிறுவனம் அந்த மாதம்தான் மின்வண்டிகளுக்கு ஒரு நிலையத்தைத் திறந்திருந்தது. திங்கட்கிழமை பெண்களைக் கடைகளில் விட்டதும், சார்ஜ் பதினொரு சதவீதத்துக்கு இறங்கியிருந்த வண்டியை அவள் அங்கே ஓட்டிப் போனாள். வாசலில் பச்சை வண்ணத்தில் பெரிய பலகை இருந்தது.

“விரைவுக் குற்றச்சாட்டு நிலையம். இங்கு மின்ஊர்திகள் மீது இருபத்து நான்கு மணி நேரமும் குற்றம் சாட்டப்படும். இரு சக்கர ஊர்திகளுக்குத் தனி வரிசை.”

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு உள்ளே போனாள்.

பலகை எழுதப்பட்ட விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னைத் தலைமை அலுவலகம் வாசகத்தை ஆங்கிலத்தில் அனுப்பி, மூன்று நாளில் தமிழாக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தது. அந்தப் பணி கண்காணிப்பாளர் குமரகுருவிடம் வந்தது. அவர் அகராதியை எடுத்துப் புரட்டினார். சார்ஜ் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம் பொருள் இருந்தது. பாய்ந்து தாக்குதல் என்று ஒரு பொருள். அது காவல் துறை விவகாரம் என்பதால் தள்ளினார். கட்டணம் என்று ஒன்று. அது கணக்குப் பிரிவைச் சேர்ந்தது. பொறுப்பு என்றும் இருந்தது. அந்த அலுவலகத்தில் யாரும் அதை எடுத்துக்கொண்ட வழக்கம் இல்லை. மின்னேற்றம் என்பது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததால் கண்ணில் படவில்லை. தம்முடைய இருபத்தெட்டு வருட சர்வீஸில் சார்ஜ் என்ற சொல்லை அவர் ஒரே பொருளில்தான் அறிந்திருந்தார். அவரே ஏழு சார்ஜ் மெமோ வாங்கியவர். குற்றச்சாட்டு என்று எழுதி மேலே அனுப்பினார். மேலே ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். பலகை வந்தது. பலகை வந்த பிறகு, அதில் உள்ள வேலையைச் செய்வதைத் தவிர அலுவலகத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

“சார், சார்ஜ் போடணும்,” என்றாள் கலையரசி.

குமரகுரு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “யார் மேல?”

“வண்டிக்கு சார்.”

“வண்டி மேல. சரி. என்ன தப்பு பண்ணுச்சு?”

கலையரசி திரும்பி ஆட்டோவைப் பார்த்தாள். அது வேப்ப மரத்து நிழலில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

“தப்புலாம் ஒண்ணும் பண்ணல சார். நல்ல வண்டி.”

“நல்ல வண்டின்னா இங்க எதுக்குமா கூட்டிக்கினு வந்த? போர்டு படிச்சியா இல்லியா?”

“படிச்சேன் சார். யாரோ தெரியாம தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சேன்.”

குமரகுருவின் முகம் சுருங்கியது. “அது ஒப்புதல் ஆன வாசகம். அஞ்சு கையெழுத்து இருக்குது. அதுல தப்பு இருக்க முடியாது. நீ சொல்லு, வண்டி என்ன பண்ணுச்சு?”

“இன்னும் கொஞ்ச நேரத்துல ஓடாது சார். நின்னுடும்.”

“அப்படிச் சொல்லு.” அவர் நீளமான படிவம் ஒன்றை இழுத்து, ‘பணி செய்ய மறுக்கும் உள்நோக்கம்’ என்று எழுதினார். பிறகு எழுந்து மரத்தடிக்குப் போய், வண்டியின் முன்னால் நின்று, மெமோவை உரக்கப் படித்தார். “உமது செயல் ஒரு பொது ஊர்திக்கு உகந்ததன்று. பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும். தவறினால், சொல்வதற்கு உமக்கு ஏதும் இல்லை எனக் கருதப்படும்.”

மெமோவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டியிருந்தது. அலுவலகத்தின் மின்பணியாளர் ராமராஜன் ஸ்டாம்ப் மையை முன் சக்கரத்தில் தடவி, வண்டியை அலுங்காமல் படிவத்தின் மேல் உருட்டி ரேகை எடுத்தான்.

“இப்ப கரண்டு குடுப்பீங்களா சார்?” என்று கேட்டாள் கலையரசி.

“குற்றம் சாட்டியாச்சு. எங்க வேலை முடிஞ்சுது. பதினஞ்சு நாள் கழிச்சு விளக்கத்தோட வா.”

சுவரோரமாக ஆறு மின் இயந்திரங்கள் பளபளவென்று நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவற்றை யாரும் தொடவில்லை. வெளியே வந்தபோது ராமராஜன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தான்.

“அக்கா, சஸ்பெண்ட் பண்ணச் சொல்லிக் கேளு.”

“ஐயோ, எதுக்குபா?”

“சஸ்பெண்ட் ஆனவங்களுக்குப் பிழைப்பூதியம்னு பாதிச் சம்பளம் தரணும்க்கா. அது விதி. வண்டிக்கு ஏது சம்பளம்? கரண்டுதான். பாதி ஏத்திவுடலாம். எனக்கும் பேப்பர்ல ஒரு காரணம் இருந்தாத்தான் ஒயரத் தொட முடியும்.”

கலையரசி மறுபடியும் உள்ளே போனாள். தன் வண்டியைத் தயவு செய்து சஸ்பெண்ட் செய்யும்படி கேட்டுக்கொண்டாள். குமரகுரு விதிப் புத்தகத்தைப் பார்த்தார். கேட்பது நியாயமாக இருந்தது. அன்றே உத்தரவு போட்டார். ராமராஜன் ஒயரைச் சொருகினான். ஐம்பது சதவீதம் ஏறியதும் குமரகுரு ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தினார். ராமராஜன் ஒயரைப் பிடுங்கினான்.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். பாதி சார்ஜ் என்பது பழைய பேட்டரிக்கு இருபது கிலோமீட்டர்கூட வராது. கோயில் சவாரி இரண்டு பார்த்தால், ஊர் திரும்பும்போது வண்டி பாதி வழியில் நின்றுவிடும். பட்டுக் கடைப் பெண்கள் இறங்கித் தள்ளினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டிய கால்களோடு தள்ளினார்கள். அவர்களில் துர்கா வாய்க்காரி.

“காலைல மகாராணி மாதிரி இட்டுக்கினு போற. பொழுது சாஞ்சா மாட்டுக்குப் பதிலா எங்களப் பூட்டற. என்ன கலை இது?”

“வண்டி சஸ்பென்ஷன்ல இருக்குது துர்கா. நான் என்ன பண்ணட்டும்?”

“வண்டிய சஸ்பெண்ட் பண்ணாங்களா?” துர்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கித் தள்ளினாள். “இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாவலன்னா நாங்க ஷேர் ஆட்டோல போயிக்கறோம். தப்பா எடுத்துக்காத.”

கலையரசி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து, அந்த ஆறு பேர் இல்லாமல் மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள்.

சஸ்பென்ஷனில் இருப்பவர் வேறு வேலை பார்க்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஒயரைத் தொடுவதற்கு முன், ‘இந்த வண்டி நேற்று எந்த வேலையும் செய்யவில்லை என உறுதியளிக்கிறேன்’ என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். நான்காவது நாள் குமரகுருவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“வேலையே செய்யலன்னா பேட்டரி எப்படிம்மா இறங்குச்சு?”

“கவலைல சார்,” என்றாள் கலையரசி. “விசாரணைய நெனச்சு.”

குமரகுரு நெகிழ்ந்துபோனார். அவருக்கும் அந்த அனுபவம் உண்டு. ‘மன உளைச்சல்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

செய்தி பரவியது. அவளுக்கு முன்னாலிருந்தே இந்தத் தடத்தில் பேட்டரி வண்டி ஓட்டிய தாவீது வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். என்ன குற்றம் என்று கேட்டதும் திணறிப்போய், “ஹாரன் கொஞ்சம் மரியாதை இல்லாம அடிக்குதுங்க,” என்றார். ‘மேலதிகாரியை அவமதித்தல்’ என்று பதிவானது. அடுத்தடுத்து வந்தவர்கள் வரும்போதே குற்றத்தை யோசித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் வண்டி முன் அனுமதி இல்லாமல் பக்கத்து ஊரான கூரம் வரை போய் வந்தது என்றார். இன்னொருவர் தன் வண்டிக்கு இரண்டு மனைவி என்றார்; அது நிரூபிக்கக் கடினம் என்று குமரகுரு வேறு குற்றம் கேட்டார். வரிசை பேருந்து நிலையத்தின் சுவர் வரை நீண்டது. இரண்டாவது வாரக் கடைசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. எல்லாமே சஸ்பென்ஷனில் இருந்தன. ஊருக்குள் ஓடிக்கொண்டும் இருந்தன.

குமரகுரு இரு வார அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். எழுதும்போது குற்றச்சாட்டு என்ற சொல் பழையபடி சார்ஜ் ஆகிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் சார்ஜ் செய்யப்பட்டன என்று தலைமை அலுவலகம் படித்தது. மற்ற ஊர்களில் நாற்பதைத் தாண்டவில்லை. மாநிலத்தின் சிறந்த நிலையம் என்ற கேடயத்தை எடுத்துக்கொண்டு இணை இயக்குநர் பிரேம்நாத் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். டீசல் கார்.

அவர் இறங்கியதும் பலகையைப் பார்த்தார். நின்று படித்தார். கூடியிருந்த வண்டிக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.  இன்றோடு இது தீர்ந்தது என்று கலையரசி நினைத்தாள். பிரேம்நாத் மேடை ஏறி மைக்கைப் பிடித்தார்.

“வாசலில் உள்ள பலகையைப் பார்த்தேன். அதில் ஒரு சொல் சற்று வேறு மாதிரியாக இருப்பதாகச் சிலர் நினைக்கக்கூடும். அந்தக் கோப்பில் நானும் கையெழுத்துப் போட்டவன்தான். படித்துவிட்டுப் போட்டேனா என்று கேட்டால், இல்லை. இருபது வருடமாக நான் எந்தக் கோப்பையும் படித்து நிறுத்தி வைத்ததில்லை. அதனால்தான் என் மேசையில் ஒரு கோப்புகூடத் தேங்குவதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். தவறு நடந்திருந்தால் நமக்குக் கேடயம் கிடைத்திருக்குமா? கேடயம் கிடைத்திருக்கிறது. ஆகவே தவறு நடக்கவில்லை. மற்ற ஊர்களில் வெறுமனே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒழுக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்!”

குமரகுருவின் கண்களில் நீர் கோத்தது. கைதட்டல் ஓய்ந்ததும் கலையரசி மேடையருகே போனாள்.

“ஐயா, பாதி கரண்டு பத்தலீங்க. முழுசா குடுக்கச் சொல்லுங்கய்யா.”

“ஆறு மாசம் பொறுத்துக்கோம்மா,” என்றார் பிரேம்நாத் அன்பாக. “சஸ்பென்ஷன் ஆறு மாசத்தைத் தாண்டினா முக்கால் பங்கு தரலாம். விதியிலேயே இருக்கு.”

கார் போன பிறகு அவள் நேராகக் குமரகுருவிடம் போனாள். “சார், அந்த போர்டுல ஒரே ஒரு வார்த்தைதான? மாத்திட்டா என்ன சார்?”

கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த குமரகுரு குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. “மாத்தணும்னா தப்புன்னு ஒத்துக்கணும்மா. ஒத்துக்கிட்டா யார் மேலனா சார்ஜ் போட்டாவணும். மேல இருக்கற அஞ்சு பேர் மேல போட முடியுமா? சுத்திச் சுத்தி என் மேலதான் வரும். ரிட்டயராவ இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குது. எட்டாவது மெமோ வாங்க எனக்கு உடம்புல தெம்பில்ல.”

கலையரசி வண்டியை எடுக்கப் போனாள்.

மாதக் கடைசி நெருங்கியபோது விசாரணைகள் தொடங்கின. முதலில் தாவீதின் வண்டி. சாட்சி இல்லாததால் குற்றம் நிரூபணமாகவில்லை. முடிவு தலைமை அலுவலகத்துக்குப் போய், டிஸ்சார்ஜ் செய்யவும் என்று ஆங்கிலத்தில் திரும்பி வந்தது. குமரகுரு மறுபடியும் அகராதியைப் பிரித்தார். விடுவித்தல் என்றிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புதல் என்றிருந்தது. சீழ் வடிதல் என்றுகூட இருந்தது. அடியில் மின்னிறக்கம் என்றிருந்தது. கேடயம் வாங்கிய பிறகு அவருக்குத் துறை மீது பற்று கூடியிருந்தது. இந்த முறை துறை சார்ந்து யோசித்து, மின்னிறக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். நிரபராதி என்று தீர்ப்பான வண்டியின் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரி சுழியத்துக்கு வரும் வரை ராமராஜன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். சஸ்பென்ஷன் ரத்தானதால் பிழைப்பூதியமும் நின்றது. தாவீது வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

“நிரபராதின்னு சொல்லிட்டாங்கமா,” என்று போனில் அவர் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. “என் வாழ்க்கையே போச்சு.”

அடுத்த விசாரணை கலையரசியின் வண்டிக்கு. மறுநாள் துர்கா கொடுத்த கெடு முடிகிறது.

அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்று விசாரணை அதிகாரிக்கு, ஒன்று குற்றம் சாட்டும் தரப்புக்கு, ஒன்று சாட்சிக்கு. மூன்று பதவியும் காலியாக இருந்ததால் மூன்றுக்கும் குமரகுருவே கூடுதல் பொறுப்பு. ஒரு நாற்காலியிலிருந்து கேள்வி கேட்டு, எழுந்து போய் இன்னொன்றில் உட்கார்ந்து பதில் சொன்னார். வண்டியை ஜன்னலுக்கு வெளியே, காதில் விழும் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

“தினமும் ஒழுங்கா உறுதிமொழி குடுத்திருக்குது,” என்றார் குமரகுரு, நடு நாற்காலியிலிருந்து. “மன உளைச்சல் வேற. பாவம். குற்றம் நிரூபணமாகலன்னு எழுதி விட்டுடலாம்னு பாக்கறேன்.”

கலையரசி பதறி எழுந்தாள். “ஐயோ, வேணாம் சார்! என் வண்டி குத்தவாளிதான் சார். எல்லாத்தையும் ஒத்துக்குது.”

“நிரூபணம் வேணுமேம்மா. ஓட மறுத்ததாப் போட்டிருக்குது. ஆனா இங்க வரைக்கும் ஓடித்தான வந்துச்சு?”

அவளுக்கு வேறு குற்றம் தோன்றவில்லை. தள்ளித் தள்ளிக் கொப்பளித்த கையைப் பார்த்தாள். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றிருந்தது தானாக வெளியே வந்தது.

“இது உங்களப் பத்தி பேசுது சார்.”

“என்ன பேசுது?”

“இந்த ஆபீஸ்ல யாரும் எதையும் படிக்கறதில்லன்னு பேசுது சார். ஒரு இங்கிலீஷு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம, ஊர்ல இருக்கற வண்டிய எல்லாம் குத்தவாளி ஆக்கிட்டாங்கன்னு சொல்லுது. ஆறு மிஷினு சும்மா நிக்குது, ஆறு பொம்பளைங்க கால் கடுக்க நின்னுட்டு வந்து ரோட்ல வண்டி தள்றாங்க, இதுக்கு ஒரு கேடயம் வேறயான்னு கேக்குது. பயத்துல ஒரு மனுஷன் தப்ப தப்புன்னு சொல்லாம இருக்கலாம், அதுக்காவ இன்னொருத்தர் பொழப்புல கை வெக்கலாமான்னு கேக்குது சார். நானும் சும்மா இருன்னு சொல்லிப் பாத்துட்டேன். அடங்கல.”

 வாசலில் நின்ற ராமராஜன் தரையைப் பார்த்துக்கொண்டான். குமரகுருவின் பேனா முழுவதையும் எழுதி முடித்து நின்றது. அவர் ஜன்னல் வழியாக ஆட்டோவை வெகு நேரம் பார்த்தார்.

“வண்டியா சொல்லுச்சு இதெல்லாம்?”

“வண்டிதான் சார்.”

“நீ சொல்லலயே?”

“நான் சொல்வனா சார்?”

அவர் எழுந்து விசாரணை அதிகாரியின் நாற்காலிக்குப் போனார். முகம் வெளிறியிருந்தது. ஆனால் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. “சம்பள உயர்வை நிறுத்தினா இதுக்கு உறைக்காது. டிஸ்மிஸ் பண்ண எனக்கு அதிகாரம் இல்ல. இந்த மாதிரி வாய ஊருக்குள்ள வெச்சிருக்கக் கூடாது. போன வாரம் தொறந்த வாலாஜாபாத் நிலையத்துக்கு இடமாற்றம். நான் முன்ன வேற ஆபீஸ்ல நாலு வருஷம் அந்த ஊர்ல இருந்தவன். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

மறுநாள் விடியற்காலை, மிச்சமிருந்த இருபது சதவீதத்தை வைத்துக்கொண்டு கலையரசி வாலாஜாபாத் போனாள். ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரம்தான், எதிர்த் திசையில். அரிசி ஆலை ஒன்றை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அதே மாதிரி இரண்டு இயந்திரங்கள். காவலுக்கு இருந்த கங்கையம்மாள் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கலையரசி மாற்றல் உத்தரவை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

“என்னம்மா அது?”

“என் வண்டிய இங்க மாத்தியிருக்காங்க. யார்கிட்ட குடுக்கணும்? இங்க என்ன வழக்கம்?”

கங்கையம்மாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். “வழக்கம்னு ஒண்ணும் கிடையாதும்மா. காஞ்சிவரத்துல இருந்து இன்னும் போர்டு வரல. வந்தாத்தான் இங்க என்ன பண்ணணும்னு எங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் வரவங்க சொருகிக்கிறாங்க, ஏறினதும் போயிடறாங்க. நீயும் சொருகிக்கோ.”

கலையரசி ஒயரை எடுத்துச் சொருகினாள். ஐம்பது வந்தபோது பழக்கத்தில் அவள் கை ஒயருக்குப் போனது. யாரும் ஜன்னலில் கையைத் தூக்கவில்லை. எண்கள் அறுபதைத் தாண்டின, எழுபதைத் தாண்டின. அவள் கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, துர்காவுக்கு போன் போட்டு, எல்லாரும் எட்டரைக்குத் தயாராக இருங்கள், திரும்ப வரும்போது யாரும் தள்ள வேண்டாம் என்று சொன்னாள். துர்கா நம்பவில்லை. அது அவளுடைய இயல்பு.

எண் தொண்ணூற்றெட்டைத் தொட்டபோது தாவீது போனில் கூப்பிட்டார்.

“கலை, ஒண்ணு கேக்கணும்மா. என்ன குத்தத்துக்கு வாலாஜாபாத் போடறாங்க?”

“உண்மையப் பேசணும் அண்ணா,” என்றாள் கலையரசி. “ஆனா வண்டி பேசுச்சுன்னு சொல்லிடணும்.”